பள்ளத்தின் அடியில் ஓடும் நீர்

"கடலில் மூழ்கியவரைத் தேடும் பணி தொடர்கிறது."

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒற்றைப் பத்தியில், ஐந்தாறு வரிகளில், பிரதேச நிருபர் அனுப்பும் செய்தி. பெயர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, பொலிஸார் விசாரணை. அத்தோடு முடிந்தது. தேடும் பணி எப்போது நின்றது என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. நானும் எழுதியதில்லை. எழுதாததற்கு எனக்கு வேறு காரணமும் இருந்தது.

1983ஆம் ஆண்டு ஜனவரி மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. என் தாயாரின் கடைசித் தம்பி, நாங்கள் சின்னமாமா என்று அழைத்தவர், மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவுக்குள் வள்ளத்தில் தூண்டில் போடச் சென்றார். அவர் தொழில்முறை மீனவர் அல்லர். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. மீன்பிடி அவருக்குப் பைத்தியம். உடன் சென்ற இருவரும் மூதூர் முஸ்லிம்கள், கடலிலேயே வளர்ந்தவர்கள். பிற்பகலில் வாடைக்காற்று திடீரென உரத்தது. வள்ளம் கவிழ்ந்தது. மற்ற இருவரும் வள்ளத்தைப் பற்றிக்கொண்டு இருட்டும்வரை மிதந்து, இன்னொரு தோணியால் மீட்கப்பட்டார்கள். சின்னமாமா வரவில்லை.

வாடைக்காலத்தில் எங்கள் கிழக்குக் கரையில் கடல் தெற்கு நோக்கி ஓடும். இந்தியாவின் கிழக்குக் கரையோரமாக வரும் நீரோட்டம் நவம்பரிலிருந்து ஜனவரிவரை இலங்கையின் கிழக்குக் கரையைத் தழுவித் தெற்கே இறங்குகிறது என்று இன்று பாடநூல்களில் எழுதியிருக்கிறார்கள். அதை மூதூரில் எல்லோரும் அறிவார்கள். ஆகவே தேடலும் தெற்கேதான் நடந்தது. சம்பூர் முனையைச் சுற்றி, ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று கரையோரமாகவே அம்மம்மா நடந்தார். இரண்டு நாட்கள் நானும் கூட நடந்தேன். மூன்றாம் நாள் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்டால் தாங்கமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். காண எதுவும் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள், தப்பி வந்த இருவரில் மூத்தவர் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். அவரைக் காக்கா என்றே இங்கு குறிப்பிடுகிறேன், அப்படித்தான் அழைத்தோம். அம்மம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி அவர் சொன்னது: "உம்மா, இனி நடக்காதீங்க. அது பள்ளத்துக்கு மேல நடந்த காரியம். பள்ளத்துக்குள்ள போனா கடல் திருப்பித் தராது."

அம்மம்மா அதை நம்பவில்லை. அந்தியேட்டி செய்யவும் சம்மதிக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குத் தருப்பைப் புல்லில் உருவம் செய்து கிரியை செய்யும் வழக்கம் உண்டு என்று ஐயர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பத்து ஆண்டுகளின் பின்னரும் வாடைக்காலத்தில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

காக்கா சொன்ன அந்தப் பள்ளம் கற்பனையல்ல. பேராதனையில் புவியியல் படித்தபோது, நூலகத்தில் ஒரு கடல்வரைபடத்தின் முன்னால் நான் நின்றுபோன நாள் நன்றாக நினைவிருக்கிறது. சமவாழக் கோடுகள் திறந்த கடலிலிருந்து நெருக்கமாகக் கூடிக் கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு ஈட்டிபோல நுழைந்திருந்தன. உலகத்தின் பெரும்பாலான கரைகளில் ஆழ்கடலைச் சென்றடைய பல பத்துக் கிலோமீற்றர் கண்டமேடையைத் தாண்டவேண்டும். மூதூரில் அது வாசலுக்கே வந்திருக்கிறது. குடாவின் வாயிலை அடையுமுன்பே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றராகிவிடுகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கு இறங்கிச் சென்று 3,000 மீற்றரைத் தாண்டிய வங்காள விரிகுடாவின் தரையில் முடிகிறது. கடலடிப் பள்ளத்தாக்குகளை ஆராய்ந்த அமெரிக்கரான பிரான்சிஸ் ஷெப்பர்ட் முதலியோர் 1960களில் இதை விவரித்திருக்கிறார்கள். மென்மையான வண்டலில் வெட்டப்பட்டதல்ல. நமது மலைநாட்டில் காணும் அதே வகைப் பழம்பாறையில் வெட்டப்பட்டது. நதி வெட்டியதா, நிலவெடிப்பைப் பின்பற்றியதா, இரண்டும் சேர்ந்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

நான் அந்த வரைபடத்தைப் பார்த்த இடத்திலிருந்து சில நிமிட நடையில் மகாவலி ஓடிக்கொண்டிருந்தது. பேராதனை மாணவர்கள் எல்லோரும் அந்த ஆற்றைப் பார்த்து ஏதாவது எழுதியவர்கள்தாம். எனக்கு அது வேறு மாதிரிப்பட்டது. 335 கிலோமீற்றர் ஓடி அந்த ஆறு போய்ச் சேரும் இடம் மூதூர். அந்தப் பள்ளத்தின் தலைமாடு.

இப்போது காக்காவின் கூற்றுக்கு வருவோம். ஆழத்தில் போனவர் ஏன் திரும்புவதில்லை? ஆழம் குறைந்த வெதுவெதுப்பான நீரில் மூழ்கிய உடலில் சில நாட்களில் வாயு உண்டாகிறது; உடல் மேலே வருகிறது. ஆனால் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நூறு மீற்றரில் வாயு, மேற்பரப்பில் கொள்ளும் கனவளவில் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதோடு குளிர். மேலே 28 பாகை வெப்பமுள்ள வங்காள விரிகுடா, ஆயிரம் மீற்றரில் 7 பாகைக்கும் குறைவு. 3,000 மீற்றரில் 2 பாகைக்கு அண்மை. குளிரில் வாயு உண்டாவதே மிக மெதுவாகிறது. உண்டானாலும் அழுத்தம் அதை விரியவிடாது. கடல் வஞ்சம் வைத்துத் திருப்பித் தராமல் இருப்பதில்லை. அங்கே மிதப்பு என்பதே நிகழ்வதில்லை.

2003இல், சமாதான காலத்தில், ஒரு செய்திக்கட்டுரைக்காக மூதூர் சென்றிருந்தபோது காக்காவைத் தேடிப்போனேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டதும் தேநீருக்குச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானாகவே தொடங்கினார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. மேல தண்ணி தெற்க போகும். ஈயம் இறங்கும்வரைக்கும் கயிறு தெற்கத்தான் சாயும். எம்பது, நூறு பாகம் போனதும் கயிறு நேராகும். அதுக்குக் கீழ கரைப்பக்கம் இழுக்கும். கொஞ்ச நேரம் போனா வெளிக்கடல் பக்கம் இழுக்கும். பள்ளம் மூச்சு விடுற மாதிரி. அது ஏன்?"

எனக்கு அப்போது பதில் தெரியாது. பத்திரிகையாளனுக்குரிய வழக்கமான தந்திரமாக, குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்தேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதில் பிறகுதான் கிடைத்தது. ஷெப்பர்டும் அவருடைய சகாக்களும் 1970களில் பல பள்ளத்தாக்குகளின் அடியில் நீரோட்டமானிகளை இறக்கி அளந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதும் இதுதான்: பள்ளத்தாக்கின் தரையோரமாக நீர் சில மணிநேரம் மேல்நோக்கி ஏறுகிறது, சில மணிநேரம் கீழ்நோக்கி இறங்குகிறது. மேலே காற்றுக்கும் அலைக்கும் அதோடு சம்பந்தமில்லை. கடலுக்குள் இன்னொரு கடல் என்று சொல்லலாம். மேலே இலேசான சூடான நீர், கீழே கனமான குளிர்ந்த நீர். இரண்டுக்கும் இடையிலான எல்லையிலும் அலை எழும். இதனை உள்ளலை என்கிறார்கள். மேற்பரப்பில் ஒரு முழ உயரம் தெரியாத இந்த அலை, உள்ளே பல பத்து மீற்றர் ஏறியிறங்கும். வற்றுப்பெருக்கின்போது நீர் கடலடி மேடுகளின்மீது ஏறி இறங்குவதால் இவை பிறக்கின்றன. பள்ளத்தாக்கு ஒரு புனல்போல் அவற்றை உள்வாங்கி ஒடுக்குகிறது.

திருகோணமலையைப் பொறுத்தவரை இதில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. விஜேரத்ன, வூட்வர்த், பியூ ஆகிய மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, திருகோணமலைக் குடாவின் நீர் ஒரு தொட்டியில் தளும்புவதுபோலத் தளும்பும் நாட்களைக் கணக்கிட்டது. புதுநிலவு, முழுநிலவு நாட்களிலன்றி, அவற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின்னரே தளும்பல் உச்சமடைகிறது. காரணம், அது உள்ளூர் வற்றுப்பெருக்கால் எழுவதல்ல. அந்தமான் நிக்கோபார்ப் பக்கம் பிறந்த உள்ளலை வங்காள விரிகுடாவை ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலாகக் கடந்து, ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில், எங்கள் வாசலுக்கு வந்து தட்டுகிறது. நிக்கோபாரில் முழுநிலவுக்கு எழுந்தது மூதூருக்கு வர ஒரு வாரம். இந்த ஆய்வு எனக்குக் கிடைத்தபோது காக்கா உயிரோடு இல்லை.

சுனாமி அன்று இதே தூரத்தைக் கடல் எவ்வளவு விரைவாகக் கடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை ஏழு மணிக்குச் சற்று முன் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் எங்கள் கரை அழிந்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனை வீடுகளில் அன்று அழுகுரல் எழுந்தது என்பதை நான் இங்கு எழுதப்போவதில்லை, அப்போது எழுதியிருக்கிறேன். ஒரு கணக்கை மாத்திரம் சொல்கிறேன். சாதாரண அலை மேற்பரப்போடு நின்றுவிடும். சுனாமியோ மேலிருந்து தரைவரை முழுநீரையும் அசைக்கும். வங்காள விரிகுடாவின் நடுவில் அதன் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர் என்று ஜேசன்-1 செய்மதி அளந்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் அந்த அலைக்குரிய நீரின் அசைவு வினாடிக்கு மூன்று சென்ரிமீற்றர் அளவுதான். அலை மணிக்கு எழுநூறு கிலோமீற்றர் பறக்க, அடியிலிருந்த நீர் ஒரு நத்தையைவிட விரைவாக நகர்ந்து, பின் திரும்பியது. மேலே உலகம் முடிந்துகொண்டிருந்தபோது கீழே சேறுகூடக் கலங்கியிருக்காது.

அப்படியானால் அந்த ஆழ்தரையில் வழமையாக என்ன ஓடுகிறது? இதற்கு முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் ஓடுவதே இல்லை. மகாவலியில் இடுப்பளவு நீரில் நின்றவர்களுக்கு இது புரியும். இடுப்பில் இழுக்கும் ஆறு கணுக்காலில் அவ்வளவு இழுக்காது. தரை நீரைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட நீர் தனக்கு மேலுள்ள நீரைப் பிடிக்கிறது. இப்படி உராய்வு மேலேறிப் போகும் படை ஆழ்கடலில் சில பத்து மீற்றர் தடிப்பானது. அதற்குள் இன்னொரு விந்தை நிகழ்கிறது. பூமி சுழல்வதால் நமது வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் வலப்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளலும் அதை எதிர்க்கும் அழுத்தமும் சமநிலையில் இருக்கும்வரை நீர் நேரே போகும். அடியில் உராய்வால் வேகம் குறையும்போது வலப்பக்கத் தள்ளலும் குறைகிறது, அழுத்தம் வென்றுவிடுகிறது. எனவே தரையை நெருங்க நெருங்க ஓட்டம் இடப்பக்கம் திரும்பிப்போகும். நான்சன் என்ற நோர்வேக்காரர் வடதுருவப் பனிக்கட்டிகள் காற்றுக்கு நேராகப் போகாமல் வலப்பக்கம் விலகுவதைக் கவனித்துச் சொல்ல, சுவீடனைச் சேர்ந்த எக்மன் 1905இல் கணக்கிட்டு எழுதியது இது. மேலே காற்றினால் வலப்புறம். அடியில் உராய்வினால் இடப்புறம். மூதூர் பூமத்தியரேகைக்கு எட்டரைப் பாகையளவே வடக்கே இருப்பதால் இந்தச் சுழற்சியின் கை இங்கு வலுக்குறைந்தது, ஆனாலும் இருக்கிறது.

இந்தப் படைக்கு மேலே மெல்ல நகர்வது அந்தாட்டிக்காவின் நீர். தென்துருவப் பனிக்கரையில் குளிர்ந்து, உப்புக் கூடிக் கனத்துத் தாழும் நீர், இந்து சமுத்திரத்தின் தரையோரமாக வடக்கே ஊர்ந்து, 'தொண்ணூறு கிழக்கு' எனப்படும் கடலடி மலைத்தொடரின் தாழ்ந்த கணவாய்களால் வழிந்து, நம் பக்கத்து ஆழத்தை நிரப்புகிறது. வினாடிக்கு ஓரிரு சென்ரிமீற்றர் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர். நேர்வழியில் வருவதுமில்லை, சுற்றி, கலந்து, நூற்றாண்டுகள் எடுக்கிறது. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமியின் கப்பல் புயலில் பாய்மரமிழந்து கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கி, அவரும் தந்தையும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள் அல்லவா? அந்தக் காலத்தில் தென்துருவத்தில் தாழ்ந்த நீரில் ஒரு பங்கு இன்றும் இங்கே வந்து சேர்ந்திராது என்று நினைத்துப் பார்ப்பேன். அந்த நீர்தான் கீழே உயிர்க்காற்றைக் கொண்டுவருகிறது. வங்காள விரிகுடாவின் இடைநீரில் சில நூறு மீற்றர் தடிப்புக்கு ஒட்சிசன் மிகமிகக் குறைவு. அதற்கும் கீழே, அடியில், மறுபடி உயிர்கள் இருக்கின்றன.

இந்த அமைதி எப்போதும் நிலைப்பதில்லை. 1929 நவம்பர் 18ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. அத்திலாந்திக்கைக் கடந்து கிடந்த தந்திக் கம்பிகள் பன்னிரண்டு அறுந்தன. சில உடனே அறுந்தன. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, ஆழத்தை நோக்கி, கடைசிக் கம்பி பதின்மூன்று மணித்தியாலத்துக்குப் பின். அது என்னவென்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் விளங்கவில்லை. 1952இல் ஹீசனும் யூவிங்கும் சொன்னார்கள்: நிலநடுக்கத்தில் சரிந்த சேறு நீரோடு கலந்து, நீரைவிடக் கனத்த ஒரு பெருக்காகச் சரிவில் பாய்ந்திருக்கிறது. ஓடஓடத் தரையைக் கிளறி மேலும் சேற்றை அள்ளுகிறது. சேறு கூடக் கனம் கூடுகிறது. கனம் கூட வேகம் கூடுகிறது. 2020 ஜனவரியில் கொங்கோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே இப்படி ஒன்று ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, ஆபிரிக்காவின் இணையக் கம்பிகளை அறுத்தது. ஓடஓட அதன் வேகம் வினாடிக்கு 5 மீற்றரிலிருந்து 8 மீற்றராக உயர்ந்ததைக் கருவிகள் பதிந்திருக்கின்றன. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆற்றில் பெருவெள்ளம் வந்திருந்தது.

ஆற்று வெள்ளம் நேரே பள்ளத்துக்குள் பாய்வதில்லை. நன்னீர் ஒரு கனமீற்றர் 1,000 கிலோ, கடல்நீர் 1,025. எனவே மாரியில் மகாவலி கொண்டுவரும் செந்நீர் குடாவின்மேல் மிதந்து விரியும். மூதூர் இறங்குதுறையிலிருந்து பார்த்தவர்கள் அந்தக் கோட்டைக் கண்டிருப்பார்கள்: இந்தப் பக்கம் தேநீர் நிறம், அந்தப் பக்கம் நீலம். சேறு அதிலிருந்து துகள்துகளாக உதிர்ந்து பள்ளத்தின் தலையில் படியும். ஆண்டுக்கணக்கில் படிந்து, ஒரு நாள் தாங்காமல் சரியும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது குடாவில் பெரும்பகுதி தரையாக இருந்திருக்கும். மகாவலி மண்ணையெல்லாம் நேரே பள்ளத்தின் வாயிலேயே கொட்டியிருக்கும். கண்டி மலைகளின் மண் அந்த வழியால் இறங்கி, இமயத்திலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து மூவாயிரம் கிலோமீற்றர் நீளத்துக்குப் பரப்பிய வங்காள விசிறியின் ஓரத்தில் சேர்ந்திருக்கிறது.

இப்போது அவ்வளவு மண் வருவதில்லை. 1976இல் பொல்கொல்லையில் ஆறு திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா, பின்னர் றந்தெனிகல, றந்தம்பே. மண் அங்கேயே தங்கிவிடுகிறது. பொல்கொல்ல நீர்த்தேக்கம் பன்னிரண்டே ஆண்டுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தூர்ந்துபோயிற்று. மின்சாரமும் நெல்லும் தந்த திட்டத்தை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நதியின் மண் எங்கே போய்ச் சேரவேண்டும் என்ற கேள்வியை அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் எவரும் கேட்டதாக நான் காணவில்லை. சம்பூரில் அனல்மின் நிலையம் கட்டப்போகிறார்கள் என்றபோதுதான், கொதிநீர் குடாவுக்குள் வந்தால் என்னாகும் என்று நீரோட்டங்களைப் பற்றி முதன்முறையாகச் சிலர் பேசினார்கள். 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டதும் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

அம்மம்மா 2006இல் மறுபடியும் அந்தக் கரையால் நடந்தார். சம்பூர்ப் பக்கத்து மக்கள் எல்லோரும் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று இடம்பெயர்ந்து போனபோது, எழுபத்தைந்து வயதில், ஒரு பையோடு. மகனைத் தேடி நடந்த அதே வழி. வழியில் கடலைப் பார்த்தாரா என்று உடன் சென்ற சித்தியிடம் ஒருமுறை கேட்டேன். "எங்களுக்கு மேல ஷெல் போய்க்கொண்டிருந்தது, தம்பி" என்றார். மட்டக்களப்பில் ஒரு முகாமில் 2007இல் அம்மம்மா இறந்தார். அங்கேயே, அவருக்கான கிரியைகளோடு, சின்னமாமாவுக்கும் அந்தியேட்டி செய்தோம். இருபத்து நான்கு ஆண்டுகள் பிந்தி.

என் தாயார் இப்போது தம்பியோடு ரொறன்ரோவில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அந்தாட்டிக்காவின் நீர், உள்ளலை, சேற்றுப் பெருக்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும், "மூவாயிரம் மீற்றர் எண்டா எத்தனை பாகம், ராசா?" என்றார்.

கணக்குப் பார்த்து, ஆயிரத்து அறுநூறுக்கு மேல் என்றேன்.

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

"அவன் அண்டைக்குக் கொண்டுபோன கயிறு எண்பது பாகம்தான். நான்தான் சுத்திக் குடுத்தனான்" என்றார்.

பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.